திருவிழா அன்று மைக்கில் நான் சொன்னது

கை மரக்குதா, மூட்டு வலிக்குதா, மூச்சு முட்டுதா? அப்பா கடலிலிருந்து வந்து வாசலில் கால் கழுவும்போதே அம்மா இந்த மூன்றையும் கேட்டுவிடுவாள். மற்ற வீடுகளில் வேலை முடிந்து வருகிறவரிடம் டீ வேண்டுமா என்று கேட்பார்களாம். எங்கள் வீட்டில் இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் அடுப்பில் டீக்குத் தண்ணீர் ஏறும். அப்பா தலையை நிமிர்த்தாமலே "ஒண்ணுமில்லளா" என்பார். அம்மா அதை நம்பியும் நம்பாமலும் அவர் நடந்து வீட்டுக்குள் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அப்பா சங்கு குளிக்கிறவர். திரேஸ்புரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் தொழில். படகில் இருக்கும் கம்ப்ரசர் நீளமான ரப்பர்க் குழாய் வழியே காற்றைக் கீழே அனுப்பும். அந்தக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலடியில் நடந்து, மணலில் புதைந்து கிடக்கும் சங்கைத் தடவி எடுத்துப் பையில் போட வேண்டும். மேலே படகில் இருந்து குழாயையும் கயிற்றையும் பார்த்துக்கொள்வது என் மாமா, அம்மாவின் தம்பி. குளிக்கிறவன் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பது எங்கள் கடற்கரை வழக்கம். சொந்த அக்காளின் தாலி விஷயத்தில் எவனும் கண்ணயர மாட்டான் என்ற கணக்குதான். மாமா மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாத மனிதர், கயிற்றைப் பிடித்தால் மட்டும் ஊமை.

ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், உள்ளே போன காற்று உடம்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். முதலில் கை மரக்கும், பிறகு மூட்டு வலிக்கும், மூச்சு முட்டும், கடைசியில் கால் விழுந்துபோகும். இதை வாதம் என்று சொல்வார்கள். எங்கள் தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருகாலத்தில் பேர் பெற்ற சங்குகுளிக்காரர். நாங்கள் மிட்டாய் வாங்கப் போனால் நாங்களே உள்ளே போய் பாட்டிலைத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அவரால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது.

இதற்காகவே படகில் ஒரு சட்டம் உண்டு. யாராவது ஒருவன் "எனக்கு மேலுக்குச் சரியில்ல" என்று சொல்லிவிட்டால், ஏன், எதற்கு, ராத்திரி என்ன தின்றாய் என்று எவரும் கேட்கக் கூடாது. கீழே இருப்பவர்களை மெதுவாக மேலே ஏற்ற வேண்டும். அவனுக்குக் காற்றுப்படும் இடத்தைக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவ்வளவுதான், படகு கரைக்குத் திரும்பிவிடும். சிரிக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் இத்தனை அருமையான சட்டத்தை யாரும் பயன்படுத்தி நான் கேள்விப்பட்டதில்லை. ஒருவன் சொன்னால் படகில் இருக்கும் எல்லாருக்கும் அன்றைய பிழைப்பு போகும். அதனால் வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தாலும் விழுங்கிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவார்கள்.

இந்த வீட்டில்தான் நான் பெரிய மனுஷி ஆனேன். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுத்தார்கள். சடங்கு வைத்துத் தெருவுக்கே சாப்பாடு போட்டார்கள். எப்படி உட்கார வேண்டும், எங்கே நிற்கக் கூடாது, யாரிடம் பேசக் கூடாது என்று அத்தைமார் வரிசையாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நெஞ்சு சத்தம் போடும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அதுவரை எனக்கு இதயம் என்று ஒன்று இருப்பது பாடப் புத்தகத்தில் படம் வரையும்போதுதான் ஞாபகம் வரும். இப்போது தலையணையில் காதை வைத்தால் அது உள்ளே இருந்து தட்டியது. வகுப்பில் டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டாலே படபடவென்று அடித்துக்கொண்டது. கை வியர்த்தது, பிறகு சில்லென்று ஆனது. ஒருநாள் அசெம்பிளியில் நிற்கும்போது விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. அடுத்த நிமிடம் மூச்சு பாதியில் நின்றது. அப்போது எனக்கு அம்மாவின் கேள்விகள் ஞாபகம் வந்தன. கை மரக்குதா? ஆமாம். மூச்சு முட்டுதா? ஆமாம். வளர்கிற வயதில் முழங்கால் வலி தானாகவே இருந்தது, ஆகவே மூட்டு வலிக்கும் ஆமாம்.

கடலில் இடுப்பளவுக்கு மேல் இறங்காத எனக்கு வாதம் எப்படி வரும் என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன், பதிலும் கண்டுபிடித்தேன். அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து காயப்போடும் குழாயை, சின்ன வயதில் நானும் அண்ணனும் வாயில் வைத்துச் சங்கு குளிக்கிற விளையாட்டு விளையாடுவோம். அந்தக் குழாயில் கடலடிக் காற்று கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது, அது எனக்குள் போய் இத்தனை நாள் ஒளிந்திருந்துவிட்டு இப்போது வேலையைக் காட்டுகிறது. விஞ்ஞானத்தில் நான் நல்ல மார்க் வாங்குகிறவள். அதனால் இந்த முடிவில் அப்போது எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அப்பாவிடம் சொல்வாள், அப்பா கடலுக்குப் போகமாட்டார். காற்றுக் காலம் முடிந்து கடல் அப்போதுதான் தெளிந்திருந்தது. படகில் இருக்கும் எல்லாரும் அந்த நாட்களுக்காகத்தான் காத்துக் கிடந்தார்கள். தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போர்வைக்குள்ளேயே கால் கட்டை விரல்களை ஆட்டிப் பார்த்துக்கொள்வேன். ஆடினால் இன்றைக்குத் தப்பித்தோம் என்று பள்ளிக்கூடம் கிளம்புவேன்.

இந்த லட்சணத்தில்தான் எங்கள் மாதா கோயில் திருவிழாப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்கப் பள்ளிக்கூடத்து சிஸ்டர் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியாளுக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியும். எங்கள் தெருவுக்கு அப்படியில்லை. திருவிழாப் பூசையில் வாசகம் என்றால் எப்போதும் ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை அல்லது வாத்தியார் வீட்டுப் பிள்ளைதான். சங்கு குளிக்கிறவன் மகள் பீடத்தில் ஏறி மைக் முன்னால் நின்றதாகச் சரித்திரமே இல்லை. அம்மா டவுனுக்குப் போய்ப் பட்டுப் பாவாடை எடுத்து வந்தாள். மாமா படகுப் பட்டறை முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். அப்பா வெள்ளைச் சட்டையைத் தானே எடுத்துப் போய்த் தேய்க்கக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் தன் சட்டையைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

திருவிழாக் காலையில் கோயில் நிரம்பி வழிந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். சங்கு குளிக்கிறவர்கள் மட்டும் வழக்கம்போல் கடைசியில் வாசலை ஒட்டிக் காற்று வரும் இடத்தில் நின்றார்கள். இடமிருந்தாலும் முன்னால் வந்து உட்காரமாட்டார்கள். வாசகத்துக்கு முறை வந்தது, நான் படியேறினேன். வாசிக்க வேண்டியதெல்லாம் எனக்கு மனப்பாடம், புத்தகமே தேவையில்லை.

மைக் முன்னால் நின்று தலையை நிமிர்த்தினேன். அவ்வளவு முகங்களையும் ஒரே சமயத்தில் பார்த்தேன். நெஞ்சு ஆரம்பித்துவிட்டது. விரல்களில் எறும்பு ஊர்ந்தது, உதடு தடித்துப்போனது போல இருந்தது, காது அடைத்துக்கொண்டது. மூச்சை இழுத்தேன், அது தொண்டைக்குக் கீழே போகவில்லை. இன்னும் வேகமாக இழுத்தேன். முழங்கை வரை மரத்தது. இனி கால்தான் பாக்கி என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பட்டுப் பாவாடையோடு பீடத்திலேயே கால் விழுந்து, பெட்டிக்கடை அண்ணாச்சிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடப்போகிறார்கள் என்று தோன்றியது.

மன்னிக்கவும் என்றோ, தண்ணீர் வேண்டும் என்றோ சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான் வாயில் வந்தது.

"எனக்கு மேலுக்குச் சரியில்ல."

திருவிழாவுக்காகத் தெருவெங்கும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். என் குரல் கோயிலில் கேட்டது, தெருவில் கேட்டது, டீக்கடையில் கேட்டது, கரையில் கட்டிக் கிடந்த படகுகள் வரைக்கும் கேட்டது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிஸ்டர் எழுந்தார்கள். எனக்குப் பதிலாக வாசிக்கத் தயாராக இருந்த வாத்தியார் மகளுக்குச் சைகை காட்டிவிட்டு என்னை இறக்குவதற்காகப் படியை நோக்கி வந்தார்கள்.

அந்த நேரத்தில் வாசல் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் வெடித்தது. "ஏலே, காத்தக் கூட்டு! காத்தக் கூட்டுலே!"

படகில் கம்ப்ரசர் பக்கம் திரும்பிப் போடும் சத்தம் அது, கோயிலில் இருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பாதிக் கண்ணை மூடி நின்றவர் காதில் நான் சொன்ன வார்த்தை விழுந்ததும், கை தானாகக் கயிற்றைத் தேடி முன்னால் நீண்டுவிட்டது. அவர் மட்டும் இல்லை, பின்னால் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் அதே மாதிரிதான் இருந்தார்கள். தூணுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், கூட்டச் சொன்ன காற்றைக் கூட்டினார். கையெட்டிய மின்விசிறி பொத்தான்களையெல்லாம் தட்டி முழுவேகத்தில் திருப்பிவிட்டார். பீடத்து மெழுகுவர்த்திகள் அணைந்தன. பூக்கள் பறந்தன. கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் பீடத் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனைக்கு ஓடினார். பூசை வைத்த சாமியாரின் புத்தகத்தில் பக்கங்கள் தாமாகப் புரண்டன. இப்போது முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற மனிதர்களின் முகங்களைத் திரும்பிப் பார்த்த பிறகு சிரிக்கத் துணிச்சல் வராது.

அப்பா நடுப்பாதையில் நடந்து வந்தார். ஓடவில்லை. பீடத்துப் படிக்குக் கீழே நின்றுகொண்டு சிஸ்டரிடம் தாழ்ந்த குரலில் பேசினார். மைக் அதையும் ஊருக்குச் சொல்லிவிட்டது.

"சிஸ்டர், புள்ளைய இறக்காதீங்க. சட்டுன்னு இறக்கப்பிடாது. அங்கனயே நிக்கட்டும்."

"அவளுக்கு முடியலையே. அடுத்த பிள்ளை வாசிக்கட்டும்."

"முடியும். மூச்சு வரணும், அவ்வளவுதான். வரும். நாங்க நிக்கோம்."

சிஸ்டர் சாமியாரைப் பார்த்தார்கள். சாமியாரும் கடற்கரைக்காரர்தான், மணப்பாட்டில் பிறந்தவர். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு அந்தக் கோயிலில் யாருக்கும் அவசரம் இல்லை.

அப்பா என்னைப் பார்த்து வாயைக் குவித்து மூச்சை நீளமாக வெளியே விட்டார். சங்கு குளிக்கிறவர்கள் மேலே வந்து குழாயைத் துப்பியதும் விடுகிற மூச்சு அது, சீட்டி மாதிரி ஒரு சத்தத்தோடு வரும். வாசலில் நின்றவர்களும் விட்டார்கள். அத்தனை ஆண்களும் திருவிழாச் சட்டையோடு நின்று மூச்சை ஊதிய சத்தம் மின்விசிறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நானும் ஊதினேன். இழுப்பதற்குத்தான் இவ்வளவு நேரம் போராடிக்கொண்டிருந்தேன், விட வேண்டும் என்று தோன்றவே இல்லை. விட்டதும் அடுத்த மூச்சு தானாக உள்ளே போனது. இன்னொரு தடவை ஊதினேன். காது திறந்தது. கை என் கையாகத் திரும்பி வந்தது. குனிந்து பார்த்தேன், பாவாடைக்குக் கீழே கால்கள் இரண்டும் என்னைத் தாங்கிக்கொண்டு நின்றன.

வாசித்தேன். ஒரு எழுத்து பிசகாமல், முற்றுப்புள்ளியில் நிறுத்தி, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வாசித்தேன். இன்றைக்கு நான் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன், அந்த வாசகம் போல ஒன்றை நான் மறுபடி வாசித்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, மேலுக்குச் சரியில்லை என்றால் வீட்டிலேயே சொல்வதற்கென்ன, ஊருக்கே அறிவிக்க வேண்டுமா என்று முதுகில் ஒன்று வைத்தாள். அத்தைமாரில் ஒருத்தி, பிள்ளைக்குக் கண்பட்டுவிட்டது என்றாள். இன்னொருத்தி உளுந்தங்களி போதவில்லை என்றாள். அப்பா மட்டும் படகுக்காரர்கள் நடுவில் போய் நின்று, என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"ஏலே, எம் மக சொன்னா. இம்புட்டு சனத்துக்கு முன்னால மைக்குல சொன்னா. நம்மள்ல எவன் சொல்லிருக்கான்? சொல்லுங்கலே பாப்போம்."

மாமா இல்லை என்று தலையை ஆட்டினார். அப்பா இப்படிக் கூட்டத்தில் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போன வழியெல்லாம் எனக்குத் தலை வானத்தில்தான் இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் குழாய்க்காற்று விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். சிரிப்பை நிறுத்தியதும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மரத்தா எவ்வளவு நேரம் இருக்கும்?"

"கொஞ்ச நேரந்தான்ப்பா. அப்பறம் போயிரும்."

"முழுசாப் போயிருமா? மிச்சம் ஏதும் இருக்காதா?"

"இருக்காது."

"ரெண்டு பக்கமும் மரக்குமா, ஒரு பக்கந்தானா? தூங்கி எந்திச்சா எப்பிடி இருக்கு?"

என் உடம்பைப் பற்றி இத்தனை அக்கறையாக என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. நான் பெரிய மனுஷி ஆனபோது கூட என்னைச் சுற்றிப் பேசினார்களே தவிர என்னிடம் கேட்கவில்லை. யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன். அப்பா ஒவ்வொன்றையும் மனதில் போட்டுக்கொள்வது தெரிந்தது.

திருவிழாக் கலகலப்பு அடங்கியதும் அவரே என்னை டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், சிரித்தார். பயந்து வேகமாக மூச்சு வாங்கினால் யாருக்கும் கை மரக்கும் என்றார். "இந்த வயசுல உடம்புல என்னென்னமோ மாறும். நெஞ்சு எப்பவும்தான் அடிச்சிட்டு இருந்துச்சு, நீ இப்பதான் அதைக் கேக்க ஆரம்பிச்சிருக்க. கேக்கறது தப்பே இல்ல. ஆனா கேக்கற சத்தமெல்லாம் ஆபத்து இல்ல" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்.

அப்பா எழுந்திருக்கவில்லை. என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

வெளியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் கதவைப் பார்த்து முணுமுணுத்தார்கள். உள்ளே என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு டாக்டரும் ஒரு சங்குகுளிக்காரரும் கதவைச் சாத்திக்கொண்டு அவ்வளவு நேரம் பேசும்படியாக நான் ஒரு முக்கியமான ஆள் ஆகிவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. பக்கத்தில் இருந்த பாட்டியம்மாளிடம், "எங்கப்பாதான் உள்ள பேசிட்டு இருக்காங்க, எனக்காக" என்று சொல்லவும் செய்தேன்.

அதற்குப் பிறகு அப்பா ஒரு நாள்தான் படகேறினார். அன்றும் படகு போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து துறைமுகத்தில் ஒரு குடோனில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். எனக்கு மறுபடி கை மரத்தால் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் எங்கப்பா கடலையே விட்டுவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். என் கல்யாணத்துக்கு முந்தைய தினம் மாமா சொல்லித்தான் தெரியும். அந்த வருடம் கடல் தெளிந்த நாளிலிருந்தே அப்பாவுக்கு இடது கால் பாதத்திலிருந்து முழங்கால் வரை மரத்திருந்தது. ஒருவரிடமும் மூச்சு விடாமல் தினமும் இறங்கிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நாள் இறங்கியிருந்தால் எழுந்து நடந்திருக்க மாட்டார் என்று டாக்டர் அன்றைக்கே சொன்னாராம். அந்தக் கடைசி நாளில் படகில் உட்கார்ந்து அந்த வார்த்தையைச் சொல்லும்போது அப்பாவின் குரல் நடுங்கியதாம். சொல்லி முடித்ததும், எம் புள்ள சொன்னா, நான் சொல்ல மாட்டனா என்று சிரித்தாராம்.

என்னைத் தாங்குவதற்காகத்தான் அவர் பீடத்துப் படிக்குக் கீழே வந்து நின்றார் என்று அன்று நினைத்தேன். பயந்து நின்ற இரண்டு பேரில் தைரியசாலி நான்தான் என்று பதின்மூன்று வயதில் எனக்கு எப்படித் தெரியும்?